சுருதியை நாயனம் வைக்கட்டும்

நாயனம், தவில், கிதார், சின்தசைசர் என்று எல்லாம் சேர்ந்த ஒரு சோதனைக் குழு காவிரிக் கரையிலிருந்து முதல் ஆல்பம் போட்டால், வரப்போகிற விமர்சனத்தில் பாதியை இப்போதே எழுதி வைத்துவிடலாம். கச்சேரி கேட்டு வளர்ந்தவர் "சுருதி சேரவில்லை" என்பார். ராக்கும் ஜாஸும் கேட்டு வளர்ந்தவர் "இன்னொரு ஃபியூஷன்" என்பார்; அந்தச் சொல்லை அவர் பாராட்டாகச் சொல்வதில்லை. இருவரும் ஒரே குறையைத்தான் வேறு வேறு பாஷையில் சொல்கிறார்கள். கீபோர்டுக்காரர் வைத்த சுருதியை எல்லோரும் ஏற்றுக்கொண்டு, நாயனத்தை அதற்குள் அமுக்கப் பார்த்திருக்கிறார்கள். நாயனம் அமுங்காது. ஒன்று சுருதி விலகும். அல்லது விலகல் தெரியாமலிருக்க வித்வான் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, குறைத்து, சுரங்களைத் தொட்டுத் தொட்டு ஊதுவார். முன்னது கச்சேரிக்காரர் காதில் விழும். பின்னது அடுத்தவருக்குச் சப்பென்று இருக்கும்.

ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் ஸ்டுடியோ இல்லை, வித்வான் வீட்டுத் திண்ணை. "எந்த நாயனம் எடுத்துட்டு வர்றீங்கய்யா, எத்தனை கட்டை?" என்று கேட்டுக்கொண்டு அப்புறம் கிதாரைக் கையில் எடுங்கள். இன்று டெல்டாவில் பெரும்பாலும் புழங்குவது நீளமான பாரி நாயனம். இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். கட்டை என்பது சுருதியின் அளவு; மேல்நாட்டுக் கணக்கில் இரண்டு கட்டை டி, இரண்டரை டி ஷார்ப். குட்டையான திமிரி நாலு, ஐந்து கட்டைக்கு ஏறும். ஆச்சா மரத்து உலவில் (நாயனத்தின் குழலில்) துளை போட்ட அன்றைக்கே அதன் சுருதி ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கீழ்ப்பக்கத்து உபரித் துளைகளை மெழுகால் அடைத்தோ திறந்தோ, கெண்டையை (சீவாளியைச் செருகும் சிறு குழல்) மாற்றியோ, வேறு சீவாளி (ஊதும் நாக்கு) போட்டோ கொஞ்சம் நகர்த்தலாம். அந்தக் கொஞ்சம் அரைக் கட்டைக்கு வராது. கிதாருக்கு முறுக்காணி இருக்கிறது, சின்தசைசருக்கு ஒரு எண்ணை மாற்றினால் போதும். நகரக்கூடியதுதான் நகர வேண்டும்.

அளக்கும் விதம் இது. வித்வான் சீவாளியை நனைத்து, இருபது நிமிடமாவது ஊதி, கருவி சூடேறட்டும். பிறகு ஆதார ஷட்ஜத்தை (ச) பத்து விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். போனில் உள்ள ட்யூனர் செயலியே போதும். "டி ஷார்ப், கூடுதல் 20 சென்ட்" என்பது போல ஒரு எண் வரும். (இது மனைக்கட்டுச் சென்ட் இல்லை, அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு.) மூன்று தடவை அளந்து நடுவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஷட்ஜம் 311 ஹெர்ட்ஸில் இல்லை, 314.7-இல் இருக்கிறது. சின்தசைசரில் பொதுச் சுருதியை 440-இலிருந்து 445.1-க்கு ஏற்றினால் சேர்ந்துவிடும். சுருதிப்பெட்டியில் நுண்சுருதித் திருகு இருக்கும். அதையும் அதே இடத்தில் வையுங்கள்.

ஒரு தடவை அளந்ததோடு விட்டுவிடக் கூடாது. காற்று சூடேறினால் அதில் ஒலியின் வேகம் கூடும், ஊதுகருவியின் சுருதியும் கூடவே ஏறும். கணக்குப்படி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 சென்ட். மார்கழிக் காலையில் 22 டிகிரியில் தொடங்கி நண்பகலில் 29-க்குப் போனால் 20 சென்ட் வரை நகரலாம். உலவுக்குள் ஓடுவது மூச்சின் சூடு என்பதால் முழுக்கணக்கும் பலிக்காது, ஆனாலும் காதுக்குத் தெரியும் அளவுக்கு நகரும். மாறாக, கிதார்க் கம்பி சூட்டில் தளர்ந்து இறங்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே. காலையில் எடுத்த நாயனத்தோடு மாலையில் எடுத்த கிதாரை ஒட்டினால் யாருமே தப்பு செய்யாமல் சுருதி கெட்டிருக்கும். மணிக்கு ஒரு முறை அளந்து, எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மிக்ஸ் செய்யும்போது அந்த நோட்டுதான் காப்பாற்றும்.

கிதாருக்கு வருவோம். இரண்டரைக் கட்டைக்கு ஆறு கம்பிகளையும் ச-ப-ச-ச-ப-ச என்று கட்டலாம்: டி ஷார்ப், ஏ ஷார்ப், டி ஷார்ப், டி ஷார்ப், ஏ ஷார்ப், டி ஷார்ப். ஐந்தாம், நான்காம் கம்பிகள் வழக்கத்தைவிட அரைச்சுரம் ஏறுகின்றன, அது ஒன்றும் செய்யாது. மூன்றாம் கம்பிதான் நான்கு அரைச்சுரம் இறங்கித் தொளதொளக்கும். அழுத்தினாலே சுருதி விலகும். அதற்கு மட்டும் கனம் கூடிய கம்பி போட்டுவிடுங்கள். அடுத்த சிக்கல் மெட்டுகள், அதாவது கிதார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள். கிதாரின் மெட்டு சம இடைவெளிக் கணக்கில் பதித்தது; அதன் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும், தம்புராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரம் 386-இல் இருக்கும். கம்பியை இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால் காந்தாரத்தை அதன் மெட்டில் வாசிக்காமல், ஒரு மெட்டு கீழே பிடித்து இழுத்து ஏற்றுங்கள். அல்லது விரலில் கண்ணாடிக் குழாய் மாட்டிச் சறுக்குங்கள். ஷக்தி என்ற ஃபியூஷன் குழுவுக்காக ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுக்குச் செய்த கிதாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தது இதற்குத்தான். விரல் மரத்தில் முட்டாது, வீணை போலக் கம்பியை இழுக்கலாம்.

சின்தசைசரில் கார்டு (பல சுரங்களை ஒன்றாக அழுத்துவது) வேண்டாம். ச-ப மட்டும் பிடியுங்கள், அது எந்த ராகத்தோடும் சண்டைக்குப் போகாது. ஐந்தாவது சுரமே பிடிக்காத ராகம் வந்தால் ச-ம. தோடிக்குக் கீழே மைனர் கார்டு வைப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, அது அசைவிலேயே உயிர் வாழ்கிறது. கார்டு அதே காந்தாரத்தை ஆணியடித்து நிறுத்தி வைக்கிறது. எத்தனை சென்ட் திருத்தினாலும் இந்தச் சண்டை ஓயாது.

"இதெல்லாம் மரபுக்கு அடுக்குமா" என்று கேட்பவர்களுக்கு டெல்டாவின் சரித்திரமே பதில். இன்று மரபு என்று நாம் கும்பிடும் பாரி நாயனமே ஒரு காலத்துச் சோதனை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை திமிரியின் உச்சக் குரலை விட்டு இறங்கிவர விரும்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதற்கேற்ற கருவியைக் கடைந்து கொடுத்தார். அந்த ஊர் நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதற்கு முன்பே தஞ்சை அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு இருந்தது. ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், அவற்றை இன்றும் நோட்டுசுரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சின்னமேளத்தில் (சதிர் ஆட்டக் குழுவில்) கிளாரினெட் நுழைந்ததும் இங்கேதான். ஒரு ஸ்தாயியில் சுருதி 22-ஆ 24-ஆ என்று ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரிலிருந்து வாதாடிய கருணாமிர்த சாகரம் 1917-இல் வந்தது. சென்ட் கணக்குச் சண்டை நமக்குப் புதிதில்லை.

இனி இடம். சென்னையில் சின்ன ஸ்டுடியோ அறை எடுத்து அதில் நாயனத்தை ஊத வைப்பது பணத்தையும் காதையும் ஒன்றாகக் கெடுக்கும் வழி. நான்கு வீதி சுற்றி வரும் சாமிக்காகப் பிறந்த கருவி அது. பத்துக்குப் பத்து அறையில் அதன் ஒலி சுவரில் மோதி உடனே மைக்குக்குத் திரும்பி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாத நாளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் எதிரெதிர் சுவர்கள்தான் அங்கே எமன். சுவர்களுக்கு நடுவே 40 அடி என்றால் ஒலி போய்த் திரும்ப 71 மில்லிவிநாடி ஆகும். தவிலில் வேகமான சொற்கள் விநாடிக்குப் பன்னிரண்டு விழும். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 83 மில்லிவிநாடி. எதிரொலி அடுத்த சொல்லின் வாசலில் வந்து நிற்கிறது. அதனால்தான் மண்டபத்தில் எடுத்த தவில் எல்லாம் கொழகொழவென்று கேட்கிறது. வித்வான் கையில் ஒரு குறையும் இல்லை.

முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு நல்லது. மேலே திறந்திருப்பதால் உச்ச ஒலி வானத்துக்குப் போய்விடும், தூண்களும் திண்ணையும் எதிரொலியை உடைக்கும். அதைவிட நல்லது பாதி நிரம்பிய நெல் கிடங்கு. நெல்மூட்டையைப் போல ஒலியை விழுங்கும் சுவரைக் காசு கொடுத்தாலும் கட்ட முடியாது. மூட்டை இல்லாவிட்டால் வைக்கோல் கட்டு. ஒரு அடி தடிமனுள்ள கட்டு ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நன்றாக வாங்கிக்கொள்ளும். சுவரோடு ஒட்டாமல் அரை அடி தள்ளி வைத்தால் இன்னும் கீழே வரை இறங்கும். வைக்கோல் தூசி மூச்சுக்கு ஆகாது. ஊதுகிறவருக்கு இருமல் வந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஆகவே கட்டுகள் மேல் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றுங்கள். அருகே சூடான விளக்கு எதுவும் கூடாது. தரையில் கோரைப்பாய் விரிப்பது உச்ச ஒலிக்கு மட்டும் உதவும், தவிலின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியின் கும்முக்கு அது காகிதம் மாதிரி.

காலத்தையும் பார்க்க வேண்டும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை தவளை. ஒரு மழை விட்ட இரவில் வயல் ஓரத்தில் அமைதியான ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஈரத்தில் தோலும் இறங்கிப்போகும். தை பிறந்தால் முகூர்த்தம், வித்வான்கள் கிடைக்கமாட்டார்கள். சம்பா அறுவடை மெஷின் சத்தம் வேறு. ஆடியில் கல்யாணம் இல்லை என்று நினைத்துக் கூப்பிட்டால் அம்மன் கோயில் திருவிழாவில் இருப்பார்கள். பங்குனி, சித்திரையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார முடியாது. மார்கழியின் பின்பாதி ஒன்றுதான் தோது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி இருக்கும். பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும்.

மின்சாரத்தில் இரண்டு விஷயம். பழைய வீடுகளில் எர்த் கம்பி இருப்பதே சந்தேகம்; கிதார் ஆம்ப்ளிஃபையரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அங்கிருந்துதான் வரும். உறுமல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஆள் போய்விடும். டி.ஐ. பெட்டியில் (கிதாரை ஒலிப்பதிவுக் கருவியோடு இணைக்கும் சிறு பெட்டி) தரைத்தொடர்பைத் துண்டிக்கும் சிறிய சுவிட்ச் இருக்கும். அது ஒலிக்கம்பியை மட்டும் பிரிக்கும், அதைப் பயன்படுத்துங்கள். லாப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் கிர்ரென்று கத்தும், சைன் அலை இன்வெர்ட்டர் கத்தாது. பக்கத்து வயலில் பம்புசெட்டுக்கு மும்முனை கரண்டு வரும் நேரத்தை லைன்மேனிடம் கேட்டுவைத்துக்கொண்டால் பாதி ஓட்டத்தில் மின்னழுத்தம் விழாமல் தப்பலாம்.

மைக் வைப்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நாயனத்தின் ஒலி அடியில் விரியும் அணசு வாயிலிருந்து வருகிறது என்று நினைத்து அங்கே மைக்கை நீட்டுவார்கள். எல்லாத் துளையும் மூடிய கீழ்ச்சுரம் மட்டும்தான் முழுக்க அணசு வழி வரும். மேலே போகப் போக ஒலி திறந்த துளைகளிலிருந்தே கிளம்பும். அணசுக்கு நேரே மைக் வைத்தால் கீழ்ச்சுரம் இடி, மேல்சுரம் ஈனம். மைக் நிற்க வேண்டிய இடம் உலவின் நடுப்பகுதிக்கு எதிரே, நான்கு அடி தள்ளி. தள்ளி வைப்பதற்கு இன்னொரு காரணம் வித்வானின் அசைவு. ஒரு அடி தூரத்தில் மைக் இருந்து, அவர் ஒரு அடி பின்னே சாய்ந்தால் தூரம் இரட்டிப்பாகி 6 டெசிபல் விழும். நான்கடியில் இருந்து அதே சாய்வுக்கு 2 டெசிபல்தான். "அசையாம ஊதுங்க ஐயா" என்று சொல்லி ராக ஆலாபனை வாங்கியவர் யாரும் இல்லை.

விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கைவிட ரிப்பன் மைக் இங்கே அழகு. நாயனத்தின் பளிச்சென்ற மூக்கொலியை அது கொஞ்சம் வழவழப்பாக்கும். இல்லாவிட்டால் எஸ்.எம். 57 போன்ற சாதாரண டைனமிக் மைக்கே கௌரவமாக வேலை செய்யும். கண்டென்சர்தான் இருக்கிறது என்றால் அதில் உள்ள 10 அல்லது 20 டெசிபல் குறைப்புச் சுவிட்சைப் போட மறக்காதீர்கள். மைக்குக்குள்ளேயே உடைந்த ஒலியை இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) குறைத்துப் பயனில்லை.

தவிலுக்கு இரண்டு மைக். விரலால் வாசிக்கும் வலந்தலைக்கு ஒன்றரை அடியில், நடுவைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தபடி. நேராக வைத்தால் விரல் கூடு தோலில் படும் 'டக்' மட்டும் கேட்டு, தோலின் நாதம் பின்னே போய்விடும். தொப்பிக்கு ஒரு அடியில், பூவரசங்கழி வீசும் பாதைக்கு வெளியே. (பாதைக்குள் வைத்தால் முதல் தீர்மானத்தில், அதாவது முத்தாய்ப்பில், மைக் ஸ்டாண்டு சாயும்.) இரண்டு மைக்கும் ஒரே உடம்பின் எதிரெதிர்ப் பக்கத்தைப் பார்ப்பதால் ஒன்றின் அலையை மற்றது தின்றுவிட வாய்ப்புண்டு. இரண்டையும் மோனோவில் சேர்த்து, தொப்பி டிராக்கின் துருவத்தை (அலையின் மேல்-கீழை) ஒரு தடவை மாற்றிக் கேளுங்கள். எந்த நிலையில் கும் அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடி வேலை. இதைச் செய்யாமல் விட்டு, மிக்ஸில் பேஸைக் கூட்டிக் கூட்டி அலுத்தவர்கள்தான் அதிகம்.

அளவைப் பார்ப்பதற்குச் "சும்மா வாசிங்க" என்று கேட்காதீர்கள். தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வரும் தீர்மானத்தையும் கோர்வையையும் முழு பலத்தில் வாசிக்கச் சொல்லி, அந்த உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் எடுத்தால் மெல்லிய இடங்களில் இரைச்சல் பற்றிக் கவலை வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 4 ஜிபி சொச்சம். இரண்டு வட்டில் பிரதி எடுத்து, அவை இரண்டும் வேறு வேறு வீட்டில் தூங்கட்டும்.

நாயனத்தையும் தவிலையும் தனித்தனி நாளில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், ஒரு பிணத்தைக்கூட நன்றாக ஒலிப்பதிவு செய்யலாம். தவில்காரர் நாயனக்காரரின் முகத்தைப் பார்த்து வாசிக்கிறார். மூச்சு எங்கே முடியும் என்று அவருக்குத் தெரியும். இருவரும் எதிரெதிரே ஏழெட்டு அடியில் உட்காரட்டும். ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் கசியும், கசியட்டும். பிரிக்க வேண்டியது கிதார் ஆம்ப்ளிஃபையரை. அதைக் கொல்லைப்புற அறைக்கு அனுப்பிவிடுங்கள். சின்தசைசர் நேராக இன்டர்ஃபேஸுக்குள். ஹெட்போனை வித்வான்கள் பெரும்பாலும் ஒரு காதில்தான் பொறுப்பார்கள். ஒத்து, அதாவது ஓயாமல் நிற்கும் ஆதார ஒலி, மட்டும் ஒரு சிறிய ஸ்பீக்கரில் மெதுவாக ஓடினால் போதும்.

கிளிக் டிராக் விஷயத்தில் என் கட்சி தெளிவானது: வேண்டாம். "தம்பி, அந்த டக்டக்கை நிறுத்துங்க, தாளக்காரர் எதுக்கு இருக்காரு?" என்று கேட்கிற தவில் வித்வான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 84 அட்சரத்தில் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை ஒரு அட்சரம்) தொடங்கிய உருப்படி பத்து நிமிடத்தில் 92-க்கு வருவது பிசகில்லை, அது உருப்படி சூடேறும் விதம். ஜால்ராவைத் தனி மைக்கில் எடுத்துக்கொண்டு, பிறகு கணினியில் ஒவ்வொரு சமத்துக்கும் (தாளச் சுற்றின் முதல் அடி) குறி வைத்துத் தாள வரைபடம் தயாரியுங்கள். 84-இல் எட்டு அட்சரம் கொண்ட ஒரு ஆவர்த்தனம் 5.7 விநாடி, பத்து நிமிடத்துக்கு நூறு சொச்சம் குறி, ஒரு மணி நேர வேலை. அதற்கப்புறம் சின்தசைசரின் சுழலும் துணுக்குகளும் எதிரொலி விளைவுகளும் வித்வானின் காலப்பிரமாணத்தைப் பின்தொடரும். தவிலுக்கு எதிரொலி போடும்போது அதைக் கண்ட நடையில் (அட்சரத்தை ஐந்தாகப் பிரிப்பது) வைத்துப் பாருங்கள்: ஒரு அட்சரம் 714 மில்லிவிநாடி, ஐந்தில் ஒன்று 143. சதுஸ்ரத்தில் (நான்காகப் பிரித்து) ஓடும் தவிலுக்கு மேல் அதன் நிழல் கண்டத்தில் ஓடும். இந்த மாதிரி ஒரு இடத்துக்காகத்தான் சோதனைக் குழு என்ற பெயரே. ஆனால் காலம் 92-க்கு ஏறியதும் அட்சரம் 652 ஆகிவிடும், 143 அங்கே கண்டமாக இருக்காது. பெடலில் நேரடியாகப் போட்டால் பாதியில் குழம்புவது இதனால்தான். வரைபடம் வரைந்த பிறகு போடுங்கள்.

மிக்ஸில் ஒரே ஒரு எச்சரிக்கை. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரைதான் நாயனத்தின் கூடாரம். பற்கூச்சம் கொடுக்கிறது என்று அங்கே ஈக்வலைசரில் 8, 10 டெசிபல் வெட்டினால் நாயனம் ஷெனாய் மாதிரி, பிறகு பிளாஸ்டிக் குழல் மாதிரி ஆகும். வெட்ட வேண்டியது கிதாரை. டிஸ்டார்ஷன் போட்ட கிதாரும் அதே கூடாரத்தில்தான் குடியிருக்கும். அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிக்கச் சொன்னால் ஈக்வலைசரே தேவைப்படாது. தொப்பிக்கும் பேஸ் கிதாருக்கும் இதே தகராறு. இரண்டில் ஒன்றைத்தான் அடியில் படுக்க வைக்க முடியும். நான் தொப்பிக்கே ஓட்டுப் போடுவேன். கடைசியில் மாஸ்டரிங்கில் ஒலியை நசுக்கி உரக்க வைக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் இறக்கிவிடும். நசுக்கிய ஆல்பம் இறங்கும்போது சத்தமும் போய், தவிலின் அடியும் போயிருக்கும்.

இப்படி ஒரு ஆல்பம் கையில் வந்த பிறகு விமர்சனம். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது பொருத்தம், அதன் அடிப்படை நமக்கு அவ்வளவு பழக்கமான ஒன்று: ஒத்து. பெரும்பகுதியை 1966 ஏப்ரலில் நியூயார்க்கில் சில நாட்களில் பதிவு செய்தார்கள். ஜான் கேல் தன் வயோலாவின் குதிரையைத் தட்டையாக அராவி, பல கம்பிகள் ஒரே வில்லில் ஓயாமல் முழங்கும்படி செய்தார். லூ ரீட் சில பாட்டுகளுக்குக் கிதாரின் எல்லாக் கம்பிகளையும் ஒரே சுரத்தில் கட்டினார். 1967 மார்ச்சில் வெளியாகி, அந்த ஆண்டு பில்போர்டு பட்டியலில் அதிகபட்சம் 171-ஆம் இடத்துக்கு வந்தது. பின்னட்டையில் இருந்த ஒருவரின் படத்துக்காக அவர் வழக்குப் போடுவதாக மிரட்ட, பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2003-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது அதற்கு 13-ஆம் இடம். கும்பகோணத்துத் தேர்முட்டியில் நின்று ஒத்தைக் கேட்டு வளர்ந்த எந்தப் பாட்டியும் அந்த வயோலாவைக் கேட்டு மிரண்டிருக்க மாட்டார், பாட்டுகளின் விஷயத்தைக் கேட்டு மிரண்டிருக்கலாம்.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஷக்தி. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராகவன் மிருதங்கம், மெக்லாஃப்லின் கிதார். முதல் ஆல்பம் ஸ்டுடியோவில் எடுத்ததே இல்லை. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்து சவுத்தாம்ப்டன் கல்லூரிக் கச்சேரியின் பதிவு. மூன்றே உருப்படி, அதில் ஒன்று ஏறத்தாழ 29 நிமிடம். மெக்லாஃப்லினின் முந்தைய மகாவிஷ்ணு குழுவின் மின்சார முழக்கத்தை எதிர்பார்த்த ரசிகர்களுக்கு அக்கூஸ்டிக் கிதாரும் கடமும் கிடைத்தன. அதே பெயரில் திரும்பச் சேர்ந்த குழுவின் ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி வந்தது. இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது சுருதிதான்: ஓயாத ஆதார ஒலியை நடுவில் வைத்து, மற்றதை அதற்குக் கட்டினார்கள்.

நம் ஊர் விமர்சகருக்கு நீண்ட பரம்பரை உண்டு. மாயவரத்துப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதினார். சுப்புடுவின் பேனாவுக்குப் பயப்படாத வித்வான் குறைவு. அந்தக் காது இன்னும் இருக்கிறது. அதற்கு ஆல்பத்தை அனுப்பும்போது இணைக்கும் குறிப்பில் கவிதை எழுதாதீர்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் ராகம், தாளம், நடை, கட்டை, எந்த இடத்தில் எந்த இயந்திரம் நுழைகிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். "தோடி, ஆதி, இரண்டரைக் கட்டை கூடுதல் 20 சென்ட், 4-ஆவது நிமிடத்தில் தவிலின் எதிரொலி கண்ட நடையில்" என்ற ஒரு வரி இருந்தால் அவர் அந்த நாலாவது நிமிடத்தைக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். அந்தத் திட்டு உபயோகமானது.

வருகிற சொற்களுக்குப் பின்னால் போய்ப் பார்க்கப் பழக வேண்டும். "மண்வாசனை கமழ்கிறது" என்று எழுதியவர் இரண்டாம் உருப்படியைத் தாண்டவில்லை. "இரைச்சல்" என்று வந்தால் கிதாரும் நாயனமும் ஒரே கூடாரத்தில் இருக்கின்றன, மிக்ஸைத் திறந்து பாருங்கள். "தவில் எடுபடவில்லை" என்றால் மாஸ்டரிங். "ஆலாபனை நீளம்" என்பதற்கு ஆலாபனையை வெட்டாதீர்கள், உருப்படி வரிசையை மாற்றுங்கள். ஆலாபனை மூன்றாவதாக வரட்டும். மல்லாரியை முதலில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எடுப்பாக இருக்கும். சாமி புறப்பாட்டுக்கு உரியதை வேறு இடத்தில் வாசிக்க விரும்பாத வித்வான்கள் உண்டு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "சுருதி சேரவில்லை" என்று மட்டும் வந்தால், எழுதியவரிடம் எந்த நிமிடம் என்று கேளுங்கள். நோட்டை எடுத்து அந்த நேரத்து எண்ணைப் பாருங்கள். பாதிக்குப் பாதி அவர் சொன்னது சரியாக இருக்கும், காலையில் எடுத்ததோடு மாலையில் எடுத்ததை ஒட்டிய இடமாக இருக்கும்.

விமர்சகர் கண்ணில் முதலில் படுவது இன்னொன்று: பெயர்ப் பட்டியல். நாயனமும் தவிலும் ஆல்பம் முழுக்க வாசித்திருக்க, அவர்களை 'விருந்தினர்' என்று கடைசி வரியில் போட்டால் மொத்த ஆல்பமும் அந்த வரியிலேயே தோற்கும். குழு உறுப்பினர் என்று போடுங்கள். வாசித்தவருக்கு ராயல்டி உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, பங்கை வெளியீட்டுக்கு முன்னால் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தளங்களில் ஏற்றும்போது படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கும். நம் வித்வான்களின் பெயர் ஊரில் தொடங்கும். ஊரை முதற்பெயர்க் கட்டத்தில் போட்டால் ஒரே ஊர்க்காரர்கள் நான்கு பேரை ஒரே ஆளாக்கி, ஒருவர் பக்கத்தில் மற்றவர் உருப்படிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில், அவர் கச்சேரி நோட்டீசில் எப்படிப் போடுகிறாரோ அதே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். அதற்குப் பழைய நோட்டீஸ் ஒன்றை அவரிடமே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.